மர நாற்காலி

கோயம்புத்தூரில் ஒரு வலி சிகிச்சைப் பிரிவில் 12 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முதுகு, கழுத்து, முழங்கால் என்று வருகிறவர்கள் டோக்கன் வாங்கும்போதே வலியைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். உட்காரும் இடத்தில் வலி என்று வருகிறவர்கள் அப்படியில்லை. "குறுக்கு வலிங்க சிஸ்டர்" என்பார்கள். குறுக்கில் எங்கே என்றால், "கீழங்க." இன்னும் கீழேயா? "ஆமாங்க." அதற்கு மேல் பேச்சு வராது. ஆனால் அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார்கள். பாதி விஷயம் எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள இடத்துக்கு உணர்வு கொடுப்பது பூடெண்டல் நரம்பு. முதுகெலும்பின் அடியில் கிளம்பி, இடுப்பெலும்பின் ஒரு முள் போன்ற முனையைச் சுற்றி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து வருகிறது. அந்த இடுக்கிலோ, அதைத் தாண்டியுள்ள குழாய் போன்ற பாதையிலோ நசுங்கினால், உட்காரும்போதெல்லாம் எரியும், குத்தும், கண்ணாடித் துண்டின்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். லத்தீனில் அந்தப் பெயருக்கு வேர், வெட்கம் என்ற சொல். பெயர் வைத்தவர் நம்ம ஊர்க்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஓவர்லாக் டெய்லர். மூன்று வருட வலி. மூலத்துக்கு மருந்து, நீர்க்கடுப்புக்கு மாத்திரை, சூடு என்று உள்ளங்காலில் விளக்கெண்ணெய், எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பிறகு என்னிடம் கட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பனியன் கட்டிங் வேஸ்ட்டை அடைத்து அவரே தைத்த இரண்டு சின்னத் திண்டுகள். நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, நாடாவால் இணைத்திருந்தார். தொடைக்கு ஒன்றாக வைத்து உட்கார்ந்தால் நடுப்பகுதி எதிலும் படாது. ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்து, அவ்வளவு சுத்தமான தையல்.

"வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்தா மட்டும் வலிக்கறதில்லீங்க சிஸ்டர். அதைப் பாத்துத்தான் தெச்சனுங்க."

டாக்டர் அந்தத் திண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்கேனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கூட வந்த மாமியாருக்கு நம்பிக்கையில்லை. "ராத்திரி அடிச்சுப் போட்டாப்புல தூங்கறாளுங்க. வலி இருந்தா தூக்கம் வருமுங்களா?" இதை எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். பிரான்சின் நான்த் நகரத்தில் 2008இல் இந்த வலிக்கென்று ஐந்து அடையாளங்களைத் தொகுத்தார்கள். நரம்பு போகும் இடத்தில் வலி, உட்கார்ந்தால் கூடுதல், டாக்டர் சோதித்துப் பார்த்தால் தொடு உணர்வு குறையாமல் இருப்பது, நரம்பைச் சுற்றி மயக்க மருந்து போட்டால் வலி விடுவது. மிச்சமுள்ள ஒன்று, வலி தூக்கத்திலிருந்து எழுப்பாது என்பது. நடிக்கிறாள் என்று மாமியார் எதை வைத்துச் சொன்னாரோ, அதுவே நோயின் அடையாளம்.

அந்த மயக்க மருந்து ஊசியில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். பிரசவ வார்டில் இருந்தபோதே இந்த ஊசி எனக்குப் பழக்கம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும்முன் டாக்டர் விரலால் அந்த எலும்பு முனையைத் தடவிப் பார்த்துப் போடுவார். இங்கே குப்புறப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாயைப் பார்த்து, அதன் பக்கத்தில் நாலைந்து மில்லி. சங்ககிரியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவருக்குப் போட்டோம். பக்கத்திலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பு இருப்பதால் கால் கொஞ்சம் கனக்கலாம், விழுந்துவிடுவாரே என்று நான் படுக்க வைத்தேன். கால் சரியானதும் மகன் காரில் பின்சீட்டில் படுக்க வைத்தே கூட்டிப் போனான். அடுத்த வாரம் டாக்டர் கேட்டார், "அன்னைக்கு மூணு நாலு மணி நேரம் வலி விட்டுச்சுங்களா?" அவர், "படுத்தேதானுங்க போனேன். படுத்தா எனக்கு எப்பவுமே வலிக்காதுங்களே" என்றார். பாவம், அவருக்கு இன்னொரு ஊசி. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றிலிருந்து ஒரு மர நாற்காலி போட்டேன். கால் கனம் விட்டதா என்று பார்த்துவிட்டு அதில் உட்கார வைப்பேன். அரை மணிக்கு ஒருமுறை பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுவேன். திருப்பூர் அக்கா ஏழு என்று வந்தவர். நாற்காலியில் முதல் அரை மணியில் ஒன்று என்றார். பயந்து பயந்துதான் சொன்னார், சொன்னால் போய்விடுமோ என்பதுபோல. சாயங்காலம் மருந்து விட்டு மறுபடி ஆறு ஆனதும் அழுதார். டாக்டர் குறிப்பைப் பார்த்துச் சிரித்தார். "வலி திரும்பி வந்ததுல அவருக்கென்னங்க சந்தோசம்?" என்று அக்கா என்னிடம் கோபப்பட்டார். வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஊசி இது, பதில் கிடைத்துவிட்டது என்று புரியவைக்க ஒரு டீ நேரம் ஆனது.

அடுத்து ரேடியோ அலை சிகிச்சை. ஊசி முனை வழியாக நரம்புக்குப் பக்கத்தில் ரேடியோ அலையைக் கொடுத்து வலியைக் குறைப்பது. "நரம்பச் சுட்டுருவாங்களா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். முழங்காலில் 80 டிகிரி வரை வைத்துச் சுடுவது உண்டு. இந்த நரம்பைச் சுட முடியாது. சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தாம்பத்திய உணர்வு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அதனால் 42 டிகிரியைத் தாண்டாமல் விட்டு விட்டுக் கொடுப்பது. கூடவே இடுப்படித் தசைகளைத் தளரவிடும் பயிற்சி. எதையோ பார்த்துவிட்டு இறுக்கும் பயிற்சியைச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

அக்காவுக்கு வலி முழுசாகப் போகவில்லை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு மணி நேரம் தைப்பார், எழுந்து நடப்பார். திண்டை மட்டும் விடவில்லை. எங்களுக்கும் இரண்டு தைத்துக் கொடுத்தார்.

போன வருடம் வார்டுக்குப் புது மெத்தை நாற்காலிகள் வந்தன. மர நாற்காலியைக் காணோம். தேடிப் போனால், கேன்டீன் பின்னால் வாட்ச்மேன் அண்ணன் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, அங்கதான் மெத்தச் சேரு வந்திருக்குதுங்கல்ல?"

"வந்திருக்குதுங்கண்ணா. அதுல உக்காந்தா யாருக்கும் வலிக்காதுங்க" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.