ஒரு படத்தில் இரண்டு சூரியன்

கும்பகோணத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குக் கோயில் சிற்பங்களை வரைந்து கொடுக்கும் வேலை. மொத்தம் 40 படம். பக்கத்தில் இருக்கும் தாராசுரம் கோயிலில் ஆரம்பிக்கச் சொன்னார்கள். "கலர் கிடையாது. பென்சிலும் வேண்டாம், பிரிண்ட்ல சாம்பலா பூசிடும். இங்க்லயே போட்டுடுங்க." எனக்குக் கிடைத்த உத்தரவு அவ்வளவுதான். கேம்லின் இந்தியன் இங்க், ரோட்ரிங் பேனா, கார்ட்ரிட்ஜ் பேப்பர், மடக்கு முக்காலி. எல்லாம் சைக்கிள் கேரியரில் அடங்கிவிடும்.

கலர் குழைக்கும் தொல்லை இல்லை என்றுதான் ஒப்புக்கொண்டேன். முதல் வாரமே விழி பிதுங்கியது. கல்லில் கோடே கிடையாது. வெயில் படும் இடம், படாத இடம், அவ்வளவுதான். கன்னம் எங்கே முடிந்து காது எங்கே தொடங்குகிறது என்று நான்தான் கோடு கிழித்து முடிவு கட்ட வேண்டும். பென்சில் என்றால் விரலால் தேய்த்து மழுப்பிவிடலாம். இங்க்கில் அந்தப் பருப்பு வேகாது. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி பேனாவால் வரைந்த சிற்பங்களைப் பார்த்துப் பார்த்து, கோட்டின் மேல் கோடாக அடுக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். என் கையில் அது கரிச்சட்டியாகத்தான் வந்தது.

தேர் மாதிரியே கட்டிய ராஜகம்பீரன் திருமண்டபத்தின் கல் சக்கரமும் குதிரையும் முதல் படம். காலை ஏழரைக்கு உட்கார்ந்து ஆரக்கால்களின் நிழலை முடித்தேன். டீ, சாப்பாடு, கொஞ்சம் கண்ணயர்வு. நாலு மணிக்கு வந்து குதிரைக்கு நிழல் போட்டேன். வாட்ச்மேன் அண்ணன் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன் சார், உங்க படத்துல ரெண்டு சூரியன் இருக்கு போலருக்கே?"

சக்கரத்துக்குக் கிழக்கு வெயில், குதிரைக்கு மேற்கு வெயில். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவனுக்கு அது தெரியவில்லை.

அதன்பிறகு உட்கார்ந்ததும் முதல் வேலை, நிழலின் ஓரத்தை மட்டும் பத்தே நிமிஷத்தில் பென்சிலால் வளைத்துவிடுவது. தாளின் மூலையில் மணியை எழுதி வைப்பது. அப்புறம் வெயில் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். வடக்குப் பக்கத்துச் சிற்பங்களைச் சித்திரைக்குத் தள்ளிப் போட்டேன். மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்துவிடும், வடக்குச் சுவர் நாள் முழுக்க மங்கிக் கிடக்கும். இதைச் சொன்னதற்குப் பதிப்பகத்தில், "பஞ்சாங்கம் பாத்தா சார் வரையறீங்க?" என்றார்கள். ஆமாம், பார்த்துத்தான்.

என்னை அதிகம் படுத்தியது ரிஷபகுஞ்சரம். காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. இந்தப் பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை. சோழ ராஜா இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சிற்பி எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் செய்த குறும்பு. கண் ஒன்றுதான். அதன் கீழே கொஞ்சம் கறுப்பைக் கூட்டினால் யானை விழித்துக்கொள்ளும், காளை காணாமல் போய்விடும். ஏழு தாளைக் கிழித்தேன். எட்டாவதில் தலைக்குள் நிழலே போடவில்லை. சுற்றுக்கோடு, கண், அவ்வளவுதான். பின்னணியை மட்டும் கறுப்பால் அடைத்தேன். வெள்ளையாக விட்ட இடத்தில் இரண்டு மிருகமும் வந்து உட்கார்ந்தன. அந்த 40 படத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இன்னொரு தப்பும் செய்தேன். கை உடைந்த ஒரு பெண் சிற்பத்துக்கு நானே கையை வரைந்து, விரலில் பூவும் கொடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் காய வைத்திருந்தபோது உறுத்தியது. மறுநாள் போய் உடைந்த இடத்தின் சொரசொரப்பைப் புள்ளி புள்ளியாக வைத்து வேறு படம் வரைந்தேன்.

தேர்ப் படத்தையும் திருத்தி வரைந்து கொடுத்தேன். பதிப்பகத்தில் எப்படியோ பழையதைத்தான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு பிரதி கொடுத்தபோது மட்டும், விறுவிறுவென்று புரட்டி நேரே அந்தப் பக்கத்தில் போய் நின்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.