திருத்திய அட்டவணையில் வந்த சமயப் பாடங்கள்: இடம் கிடைத்தது எப்படி?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். இங்கே எந்தத் துறை மாணவரானாலும் வரலாறு, தத்துவம், சமயம் போன்ற துறைகளிலும் சில பாடங்களைப் படித்தாக வேண்டும். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கான அட்டவணை அக்டோபரிலேயே வந்துவிட்டது. அதில் சமயத் துறையின் பக்கம் வெறிச்சென்றிருந்தது. நவம்பரில் பதிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் பதிவாளர் அலுவலகம் திருத்திய அட்டவணையை அனுப்பியது. அமெரிக்காவில் இஸ்லாம், பௌத்தமும் மருத்துவமும், மரணம் பற்றிய சமயப் பார்வைகள் என மூன்று புதிய பாடங்கள் அதில் இருந்தன.

பௌத்தமும் மருத்துவமும் என்ற வரியைப் பார்த்ததுமே மனம் அதில் நிலைத்துவிட்டது. துக்கம், அதன் காரணம், அது நீங்குதல், நீங்கும் வழி என்ற நான்கு உண்மைகளை நோய், நோய்முதல், குணம், சிகிச்சை என்று வைத்துப் பார்க்கும் மரபு பௌத்தத்தில் உண்டு. துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைக் கூறும் வினய பிடகம் பட்டியலிடுகிறது. உயிரியல் படிக்கும் எனக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

தொலைபேசியில் சொன்னபோது அம்மா கவலைப்பட்டார். "மதம் மாற்றிவிடுவார்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரசுப் பள்ளிகள் நடத்திய பைபிள் வாசிப்பை 1963-இல் தடைசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், சமயத்தைக் கல்வி நோக்கில் ஆராய்ந்து கற்பதற்குத் தடையில்லை என்று அதே தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது. அதன் பிறகு இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. வகுப்பில் யாரும் யாரையும் வழிபடச் சொல்வதில்லை என்று விளக்கியதும் அம்மா சமாதானமானார்.

அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாகப் படித்தேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) படிக்க வேண்டும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடங்களில் ஒன்றோ 3 கிரெடிட்டோதான் அந்தக் கணக்கில் சேரும். எனக்குப் புள்ளியியல் ஏற்கெனவே ஆன்லைன். மரணம் பற்றிய பாடமும் ஆன்லைன் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்ததால் அதை விட்டுவிட்டேன். பௌத்தப் பாடம் நேரடி வகுப்பு, செவ்வாயும் வியாழனும் பிற்பகல் 1 மணிக்கு. செவ்வாய்க்கிழமை எனக்கு ஆய்வகம். அதே ஆய்வகம் புதன்கிழமையும் நடப்பதால் முதல் வேலையாக அதை மாற்றிக்கொண்டேன்.

பதிவில் மூத்த மாணவர்களுக்குத்தான் முதலிடம். இரண்டாம் ஆண்டு மாணவர்களின் முறை வந்தபோது பௌத்தப் பாடத்துக்கு நேராக 'மீதி இடம் 0' என்று நின்றது. காத்திருப்போர் பட்டியலும் நீண்டிருந்தது. ஆனால் குறிப்புக் கட்டத்தில் ஆசியவியல் துறையின் பெயரும் இருந்தது. அங்கே போய்த் தேடினால் அதே பேராசிரியர், அதே அறை, அதே நேரம்! ஐந்து இலக்கப் பதிவு எண் மட்டும் வேறு. இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தும் வகுப்பில் ஒவ்வொரு துறைக்கும் இடங்களைத் தனித்தனியாக ஒதுக்குகிறார்கள். அங்கே இன்னும் இடம் இருந்தது.

உடனே பதிவு செய்துவிடலாம் என்றுதான் கை துடித்தது. ஆசியவியல் எண்ணில் சேர்ந்தால் என் கட்டாயப் பாடக் கணக்கில் சேருமா என்ற கேள்வி தடுத்தது. என் பாட ஆலோசகர் அலுவலகத்தில்தான் இருந்தார். அவர் கணினியில் பட்டத் தேவைப் பட்டியலைத் திறந்து, இரண்டு எண்களுக்கும் ஒரே மதிப்புதான் என்று காட்டினார். அதை மின்னஞ்சலிலும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்தேவைப் பாடம் படிக்காதவர்களுக்குப் பேராசிரியரின் அனுமதி வேண்டும். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று நான்கு வரி எழுதினேன். அன்று மாலையே அனுமதி வந்தது, பதிவும் முடிந்தது.

இஸ்லாம் பாடத்துக்காகக் காத்திருக்கும் என் அறைத்தோழிக்கும் இன்னொரு துறை எண் இருக்கிறதா என்று பார்த்தோம். அந்தப் பாடம் வரலாற்றுத் துறையிலும் இருக்கிறது. அவள் நாளைக் காலை பதிவாளர் அலுவலகம் திறந்ததும் போகிறாள்.