போவதற்குத்தான் டிக்கெட்

மார்ச் 4, 2025

குடியிருப்பு அட்டை வரவில்லை.

மார்ச் 6

மால்டாவை ஒட்டிய இந்தக் கொசோ தீவுக்கு வரும் படகில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. மால்டாவின் சிர்கேவா துறையில் நேராக ஏறிக்கொள்ளலாம். அரை மணிக்குள் இங்கே இறங்கிவிடலாம். திரும்பிப் போகும்போதுதான் இம்ஜார் துறையில் நிறுத்தி, போக வர இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். வந்த புதிதில் இதை அப்பாவிடம் சொன்னேன். "கெட்டிக்காரர்கள். வந்தவன் போய்த்தானே ஆக வேண்டும்" என்று சிரித்தார். அப்போது மூச்சு விடாமல் சிரிப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

அறையில் இருந்தால் கைபேசியைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன் என்று ஜிகந்தியா கற்கோயிலுக்கு நடந்தேன். ஷாரா ஊரின் விளிம்பில்தான் இருக்கிறது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ. போகும் ஒவ்வொரு முறையும் வெளிச்சுவரின் கீழ் நின்றுதான் முதல் மூச்சு விடுகிறேன். இன்றும் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பெரிய கற்கள் ஐம்பது டன்னாம். கி.மு. 3600 வாக்கில் கட்டியது. எகிப்தின் பெரிய பிரமிடு அதற்கு ஆயிரம் வருடம் இளையது. கட்டியவர்களிடம் செம்பு இல்லை, இரும்பு இல்லை. வெளிச்சுவருக்குக் கடினமான சாம்பல் கல், உள்ளே வாசலுக்கும் பீடத்துக்கும் வெட்ட வெட்ட வெண்ணெயாக வரும் மஞ்சள் கல். எங்கள் ஊர்க் கொத்தனார் பார்த்தால் தலையாட்டுவார்.

வந்து நன்னாவிடம் சொன்னேன். இங்கே பாட்டிக்கு நன்னா என்று பெயர். முதியோர் விடுதியில் நான் பார்த்துக்கொள்ளும் ஒன்பது பேரில் நான்கு பேர் நன்னாதான். ஆனால் நான் நன்னா என்று எழுதினால் அது ஏழாம் அறை. ஷாராவில் பிறந்தவர். கட்டியவள் சன்சூனா என்ற அரக்கி என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கைக்குழந்தையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே கல் சுமந்தாளாம். சாப்பாடு ஃபூல் அவரைக்காயும் தேனும் என்று நான் படித்திருந்தேன். "தேன் இல்லை. தண்ணீர்" என்றார் நன்னா. கோபமாகவே சொன்னார். தேன் தின்றவள் கல் தூக்குவாளா என்று கேட்கிறார்.

மார்ச் 11

தம்பி பேசினான். அப்பா கோயில் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். மூன்று அடைப்பு. டாக்டர் தேதி கொடுக்கத் தயார். இவர்தான், "அவள் வரட்டும்" என்கிறார்.

மார்ச் 12

அவள் வரட்டும். அவள் எப்படி வருவாள்? பழைய அட்டை ஜனவரியோடு முடிந்தது. புதிய அட்டை கையில் இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி உள்ளே வர முடியாது. திரும்பி வராவிட்டால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாவிட்டால் அறுவைக்கு வாங்கிய கடன் யார் அடைப்பது? இதைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு இந்தத் தீவு வேதாகமத்தில் உள்ள தீவு. பவுலடிகள் கப்பல் உடைந்து 276 பேரோடு கரையேறியது இங்கேதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பவுலடிகள் மூன்று மாதத்தில் வேறு கப்பல் பிடித்துப் போய்விட்டார் என்பதும் அதே அதிகாரத்தை ஒட்டித்தான் இருக்கிறது அப்பா. அவரை யாரும் அட்டை கேட்கவில்லை.

மார்ச் 13

இரவுப் பணி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 17

பார்லி, கோதுமை, பருப்பு, ஆடு, மாடு, பன்றி. முதல் குடியானவர்கள் சிசிலியிலிருந்து படகில் கொண்டுவந்தவை இவை. கி.மு. 5900 வாக்கில் என்று இப்போது சொல்கிறார்கள், முன்பு கி.மு. 5200 என்றார்கள். ஏரி போலத் தேங்கிய பழைய சேற்றைத் துளைத்து, அதில் சிக்கிய மகரந்தத்தை எண்ணி, தேதியை எழுநூறு வருடம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஆர் தலாம் குகையில் கிடைத்த பானைத்துண்டுகளில் உள்ள கீறல் கோலம் சிசிலிப் பானைகளில் இருப்பதைப் போலவே இருக்கிறதாம். ஆக, சட்டிபானை செய்யும் கைப்பழக்கமும் படகில் வந்திருக்கிறது.

மாட்டைப் படகில் ஏற்றிய மனிதனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டியா, கன்றாகவா, சினையாகவா? கடலில் மிரண்டால்?

என் பெட்டியில் முப்பது கிலோ. அம்மா வைத்த கருவாட்டை விமான நிலையத்தில் நானே எடுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 20

காற்று துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. மாடியில் துணி எடுக்கப் போனபோது வடக்கே சிசிலியின் எட்னா எரிமலை தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன், மேகம் நகரவில்லை. நன்னாவைச் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பார்க்கவில்லை, பார்த்து அலுத்தவர்.

மார்ச் 21

மறைந்துவிட்டது. அங்கே கடல் மட்டும் இருக்கிறது.

மார்ச் 27

அலுவலகத்தில் என் கோப்பு கிடைக்கவில்லையாம். தொலைந்தது என்று சொல்ல மாட்டார்கள். "தற்போது கண்டறிய இயலவில்லை". எல்லா நகல்களையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

இன்று முழுவதும் மாக்ரி பாதிரியார் நினைவு. 1902இல் மால்டாவின் பாவ்லா ஊரில் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டியபோது ஒரு நிலவறையின் கூரை உடைந்தது. வேலையாட்கள் கொஞ்சகாலம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அதுதான் ஹல் சஃப்லியேனி. தோண்டும் பொறுப்பு மாக்ரியிடம் வந்தது. ஏழாயிரம் பேரின் எலும்பு என்று பிறகு கணக்கிட்ட இடம். அவர் எலும்பை அள்ளினார், குறிப்பு எழுதினார். நடுவில் துனீசியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். 1907இல் ஸ்ஃபாக்ஸ் நகரில் இறந்துபோனார். குறிப்புகள் கிடைக்கவே இல்லை. மிச்சத்தை தெமிஸ்தொக்லிஸ் சம்மித் தோண்டினார். மாக்ரி அள்ளியவர்கள் எந்த அறையில், எந்தப் பக்கம் தலைவைத்து, யாரோடு கிடந்தார்கள் என்பது போனது போனதுதான்.

இவ்வளவுக்கும் அவர் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கதை கேட்டு எழுதி வைத்த மனிதர்.

மார்ச் 28

நகல்கள் அனுப்பினேன். பதிவுத் தபால். ரசீதைப் படம் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2

நன்னா சாப்பிட மறுக்கிறார். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறோம். முதுகில் சிவப்பு தெரிகிறது. ஒருக்களித்து, தலைக்கு அடியில் அவர் கையையே கொடுத்துப் படுக்கவைத்தபோது வல்லெட்டா அருங்காட்சியகத்தில் உள்ள உறங்கும் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். சஃப்லியேனியில் கிடைத்தவள். படத்தில் பார்த்துப் பெரியவள் என்று எண்ணியிருந்தேன். நேரில் பன்னிரண்டு சென்டிமீட்டர். இறந்தவள் என்பார்கள், கனவு காண்பவள் என்பார்கள். செவிலியர் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கனமான உடம்பைத் தனியாக ஒருத்தியால் அப்படித் திருப்பிப் போட முடியாது. இரண்டு பேர் வேண்டும்.

ஏப்ரல் 3

ஃபூல் சீசன். சந்தையில் அரைக் கிலோ வாங்கி உரித்து, வேகவைத்து மசித்து, தண்ணீரோடு கொடுத்தேன். நான்கு கரண்டி. "மெலா" என்றார். இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு ஆமாம், சரி, பிறகு, போகட்டும் எல்லாம் பொருள்.

ஏப்ரல் 6

வயலோரமாக நடந்தபோது ஷாரா கல்வட்டத்தின் வேலியருகே நின்றேன். உள்ளே விட மாட்டார்கள். 1820களில் தோண்டி, மூடி, எங்கே என்றே ஊர் மறந்துவிட்ட இடம். அன்றைக்கு ஓர் ஓவியர் வரைந்து வைத்த படம் இருந்ததால் மறுபடி பிடித்தார்கள். 1987 முதல் 1994 வரை தோண்டியதில் இரண்டு லட்சத்துக்கு மேல் எலும்புத் துண்டுகள். ஒரே கட்டிலில் உட்கார்ந்த இரட்டைச் சிலையும் அங்கே கிடைத்தது: ஒருத்தி மடியில் சின்ன உருவம், இன்னொருத்தி கையில் கிண்ணம். குளிப்பாட்டி முடித்து, கஞ்சி கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 10

மால்டாக்காரர்கள் எல்லோர் கைபேசியிலும் ஒரே செய்தி. மெல்லீஹாவில் லத்னியா என்ற குகைப் பள்ளத்தில் அடுப்புச் சாம்பல், கல் கருவி, சிவப்பு மானின் எலும்பு, கடல்நாய், ஆமை, மீன், குவியலாகக் கடல் நத்தை ஓடுகள். வயது 8,500 வருடம். விதையும் மாடும் கொண்டுவந்தவர்களுக்குப் பல நூறு வருடம் முன்பே வேட்டையாடிகள் வந்து உட்கார்ந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். நேற்று 'நேச்சர்' இதழில் வந்ததாம். நூறு கிலோமீட்டர் திறந்த கடல். பாய் இல்லை, குடைந்த மரத்தில் துடுப்புப் போட்டு மணிக்கு நான்கு கிலோமீட்டர் வந்திருக்கலாம் என்கிறார்கள். வருடத்தின் மிக நீண்ட பகலில் கிளம்பினாலும் சில மணி நேரம் இருட்டில் கடக்க வேண்டும்.

மாடு ஏற்றிய மனிதனை இத்தனை நாள் முதல்வன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டாவது வரிசை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

லத்னியா செய்தியை அப்பாவிடம் சொன்னேன். நோயைப் பற்றிப் பேசினால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கடல் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பின்னாலிருந்து திட்டுவது கேட்டது.

"நீவாடு எந்தப் பக்கம்?" என்றார். நீரோட்டத்தைத்தான் கேட்கிறார். தெரியாது என்றேன். "காற்று?" வடமேற்கு அதிகம் என்றேன். "அங்கிருந்து இங்கே வர அது ஒத்தாசை. திரும்பத்தான் கை ஒடியும்." இருட்டைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கட்டுமரத்தில் எத்தனை இரவு கிடந்திருக்கிறோம், கூட்டுவெள்ளி இருக்கிறது, விடிவெள்ளி இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கரை தெரியாத கடலில் பெண்டு பிள்ளையோடு எவனும் கிளம்ப மாட்டான் மகளே. முதலில் ஒருவன் காற்றில் ஒதுங்கி அங்கே போயிருப்பான். அவன் திரும்பி வந்து சொல்லியிருக்க வேண்டும். அவன் வரவில்லை என்றால் மற்றவனுக்கு அது வெறும் தண்ணீர்."

மருத்துவாமலையையும் கோயில் கோபுரத்தையும் கணியமாக, கரை அடையாளமாகப் பார்த்து ஊர் திரும்பிய மனிதர். எனக்கு உடனே எட்னா நினைவுக்கு வந்தது. இங்கிருந்து பார்த்தால் அது தெரிகிறதே; திரும்புகிறவனுக்கு அடையாளம் இருக்கிறது. சொன்னேன். "பார்த்தாயா" என்றார்.

ஆபரேஷன் பேச்சை எடுப்பதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 14

திரும்பிப் போனவனுக்கு இங்கே என்ன தடயம் இருக்கும்? அடுப்பு மூட்டியவன் சாம்பலை விட்டுப்போனான். போனவன் எதை விட்டுப்போவான்?

ஏப்ரல் 15

இன்னொன்று. முதல் குடியானவர்களுக்குப் பிறகு, கி.மு. ஐந்தாம் ஆயிரத்தில், பல நூறு வருடங்களுக்கு இந்தத் தீவுகளில் மனிதத் தடயமே இல்லை என்கிறார்கள். மண் களைத்ததா, மழை பொய்த்ததா. கோயில் கட்டியவர்கள் பிறகு புதிதாக வந்தவர்களின் வழி. எல்லாப் புத்தகமும் "மறைந்தார்கள்" என்று எழுதுகிறது. மறைந்தார்கள் என்றால்? ஊருக்குப் போயிருக்கலாம். எட்னா தெரிந்த ஒரு நாள் பார்த்து, ஆட்டை ஏற்றிக்கொண்டு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நன்னாவுக்குக் காய்ச்சல். அட்டை வரவில்லை. அப்பா உபவாசம் இருக்கிறாராம், தடுக்க முடியவில்லையாம்.

ஏப்ரல் 21

போப்பாண்டவர் காலமானார். விடுதியில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். நன்னா மட்டும் ஃபூல் கேட்டார்.

ஏப்ரல் 24

மூன்று மாதம் முன்பு வாங்கிய சஃப்லியேனி டிக்கெட் இன்றைக்கு. ஒரு நாளைக்கு எண்பது பேரைத்தான் விடுகிறார்கள். நம் மூச்சுக் காற்றே சுவரின் செங்காவியைத் தின்றுவிடும். போகலாமா என்று கடைசிவரை குழப்பம். போனேன்.

மேலே கல்லை அடுக்கிக் கட்டிய கோயிலை, கீழே பாறையைக் குடைந்து அப்படியே செய்திருக்கிறார்கள். தூண், விட்டம், ஒன்றின் மேல் ஒன்று குறுகி வரும் கூரை வரிசை, எல்லாம் ஒரே பாறை. தாங்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாத இடத்தில் தாங்குவதுபோல ஒரு விட்டம். மேலே உள்ள கோயில்களின் கூரை எல்லாம் விழுந்துவிட்டது. அது எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் பொய்க் கூரைதான் சாட்சி. எலும்பு எதுவும் இல்லை. அறைகள் காலி.

போகும்போது இம்ஜாரில் டிக்கெட் வாங்கினேன். திரும்பி வரும்போது யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25

அப்பா தேதி வாங்கச் சம்மதித்துவிட்டார். மே மாதம் இரண்டாம் வாரம். "நீ வரும்போது வா" என்றார். இந்தச் சம்மதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 28

அலுவலகத்திலிருந்து கடிதம். உறைக்குள் கடினமாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, மெல்லியதாக இருக்கிறது. நன்னாவைப் புரட்டும் நேரம், துணைக்கு வந்தவள் கதவருகே நிற்கிறாள். வந்து பிரிக்கிறேன்.