டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளையில் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும், ஹட்டனில் டியூஷன் வகுப்பு நடத்துபவருக்கும், தேயிலையைப் பக்கெட் போட்டு விற்பவருக்கும் தேவைப்படும் இணையத்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து பக்கம், பத்துப் பதினைந்து படம், ஒரு வட்ஸ்அப் பொத்தான், ஒரு வரைபடம். உட்கார்ந்தால் சனி, ஞாயிறுக்குள் முடிகிற வேலை. இரண்டு வருடம் கழித்து அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

டவுனில் தெரிந்த பையன் ஒருவன் குறைந்த காசுக்குச் செய்து கொடுப்பான். டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, அவனுடைய மின்னஞ்சலில், அவனுடைய கார்டில் எடுத்திருப்பான். பிறகு கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போய்விடுவான். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் அவன் திறக்காத ஒரு பெட்டியில் சேரும். ஒரு நாள் காலையில் தளம் இருக்காது. அவனைத் திட்டிப் பயனில்லை, “யார் பெயரில் எடுத்தாய் தம்பி?” என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே காசு கொடுக்கும் முன்பே தொழிலுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்து, டொமைன், ஹொஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம்), கூகிள் கணக்கு, பேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் அதிலேயே பதியுங்கள். செய்து கொடுப்பவருக்கு உள்ளே வர அனுமதி கொடுக்கலாம், உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். டொட் கொம் போன்ற பெயர்களை எடுத்தவுடன் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படும். தளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து மூன்றாவது வாரத்தில் திடீரென்று காணாமல் போனால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காலாவதியான டொட் கொம் பெயரை வழக்கமான கட்டணத்திலேயே மீட்கச் சில நாள் கிடைக்கும். விற்ற நிறுவனத்தைப் பொறுத்து அது 45 நாள் வரை போகலாம். அதன்பின் 30 நாள் மீட்புக்காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப்பிக்கும் விலை என்ன என்று கேட்டு, முடிந்தால் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இலங்கைக்கான டொட் எல்கே பெயர் வேண்டுமானால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் எடுக்க வேண்டும். கொம் டொட் எல்கே, ஹோட்டல் டொட் எல்கே போன்ற உட்பிரிவுகளும் உண்டு, தங்குமிடம் நடத்துபவருக்கு இரண்டாவது பொருத்தமானது. 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கணினிகள் அதை உள்ளே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஒரு குழப்பமான ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் தேடுகின்றன, சில இடங்களில் நகலெடுத்து ஒட்டினால் அந்தக் கோவையே வந்து நிற்கும். ஆங்கில எழுத்துப் பெயரைத் தலைமையாக வைத்து, ‘.இலங்கை’ பெயரை அதற்குத் திருப்பிவிடுவது நல்லது.

பெயரை எப்படி எழுதுவது என்பது மலைநாட்டில் தனித் தலைவலி. ஹட்டனா அட்டனா? ஹப்புத்தளையா அப்புத்தளையா? நுவரெலியாவா நுவரேலியாவா? தலவாக்கலையின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பெயர்ப்பலகைக்குப் பெயர்ப்பலகை மாறும். தோட்டங்களின் கதை இன்னும் மோசம். கம்பனிக் கடுதாசியில் ஓர் ஆங்கிலப் பெயர், சனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். டொமைனில் ஊர்ப்பெயரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், போனில் ஒருமுறை சொன்னால் பிழையில்லாமல் எழுதக்கூடிய சிறிய பெயரே போதும். ஊரின் எல்லா வடிவங்களையும் பக்கத்துக்குள்ளே வாக்கியங்களில் இயல்பாக வரும்படி எழுதுங்கள். தேடுபவர் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் கூகிளுக்குப் பிடிக்க ஏதாவது இருக்கும்.

எங்கே கட்டுவது? ஐந்து பக்கத்துக்குக் கூகிள் சைட்ஸோ புளொக்கரோ போதும். இரண்டிலும் சொந்த டொமைனை இணைக்கலாம், ஹொஸ்டிங் செலவில்லை. கொஞ்சம் கோட் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் கிளவுட்ஃபிளேர் பேஜஸில் வெறும் பக்கங்களாக ஏற்றலாம், வேகமாக ஓடும், உடைக்கப்படவும் அதிகம் இடமில்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸை எடுத்தால் மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் அதையும் அதில் சேர்த்த பிளகின் என்ற துணை நிரல்களையும் புதுப்பிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் வேண்டாம், கைவிட்ட வேர்ட்பிரஸ் தளத்தில் சில வருடத்தில் சூதாட்ட விளம்பரம் முளைக்கும். இலவசமாகத் தருவது எதுவும் நிலையானதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கடைகளுக்கான புரொபைலோடு கூகிள் இலவசமாகக் கொடுத்துவந்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு அதே பெயரை வேறு தளத்துக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. மற்றவர்கள் அச்சடித்த கார்டுகளைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

டொமைனைத் தளத்தோடு இணைக்கும்போது டீஎன்எஸ் பக்கத்தில், அதாவது பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேட்டில், இரண்டு வரி போட வேண்டும். வெறும் பெயருக்கு ‘ஏ’ ரெக்கோர்ட், மூன்று டபிள்யூவோடு வரும் பெயருக்கு ‘சீநேம்’. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறந்தால், பாதிப் பேருக்குத் தளம் திறக்கும், பாதிப் பேருக்குத் திறக்காது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் நேம்சேர்வரையே மாற்றுகிறவர்கள் பழைய இடத்திலுள்ள எல்லா வரிகளையும், குறிப்பாக மின்னஞ்சலுக்கான ‘எம்எக்ஸ்’ வரியை, முதலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தளம் அழகாக வந்துவிட்டது, மெயில் மட்டும் இரண்டு நாளாக வரவில்லை என்றால் காரணம் அந்த வரிதான். மாற்றத்துக்கு முந்தின நாள் டீடீஎல் மதிப்பை (விபரத்தை எத்தனை விநாடி பிடித்து வைக்கலாம் என்பதை) 300 ஆக்கி வைத்தால், பழைய விபரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கணினிகள் 5 நிமிடத்தில் அதை விட்டுவிடும். தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழைப் பெரும்பாலும் ஹொஸ்டிங்காரரே இலவசமாகப் போடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், தானாகப் புதுப்பிக்கும் வசதி இயங்குகிறதா என்று மூன்று மாதம் கழித்து ஒருதடவை பாருங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். நம்மிடம் இருக்கும் நோட்டீஸ், விலைப்பட்டியல், பாடக்குறிப்பு பாதிக்கு மேல் அச்சகத்திலிருந்து பாமினியில் வந்தவை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்று தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அப்படியே தளத்தில் ஒட்டினால் உங்கள் கணினியில் சரியாகத் தெரியலாம், வாடிக்கையாளரின் போனில் வெறும் ஆங்கிலக் குப்பை, கூகிளுக்கும் அதே குப்பை. எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பாமினிக்கு நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஆகவே ஆங்கிலத்தை எடுத்துவிட்டு மாற்றுங்கள், பிறகு கொம்பு வரும் எழுத்துகளையும் ‘ஸ்ரீ’யையும் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். படத்துக்குள் எழுத்தைப் பதித்து ஏற்றுவது தீர்வாகாது, தேடலில் அது கிடைக்காது.

பக்கத்தின் முகவரியில் தமிழ் வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். இணைப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ‘தேயிலை’யில் ஆறு குறி, வட்ஸ்அப்பில் ஒட்டினால் 54 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் வைத்திருக்கிறது, ஆக 22 குறிக்கு மேல் போன தலைப்பிலிருந்து உண்டாகும் முகவரி நடுவில் வெட்டுப்படும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சிறிய ஆங்கில எழுத்துச் சொல்லாக நீங்களே மாற்றி வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக, எழுத்தின் உயரத்தைப் போல் 1.7 மடங்கு இருந்தால் மேல்விசிறியும் கீழ்க்கொக்கியும் முட்டிக்கொள்ளாது.

மலைநாட்டில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் முகவரி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தெருப்பெயரோ வீட்டு இலக்கமோ இருக்காது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சுற்றி வரும். ஆகவே கூகிள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகிள் பிசினஸ் புரொபைல் திறக்கும்போது தபால் அட்டை வழியாக உறுதிசெய்யும் வாய்ப்பு வந்தாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். காணொளி வழி கேட்டால் பாதையிலிருந்து தொடங்கி, சுற்றுப்புறம், பெயர்ப்பலகை, உள்ளே உங்கள் பொருள், நீங்களே கதவைத் திறப்பது என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் பிடியுங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதையும் காட்டுங்கள். சிக்னல் நன்றாக உள்ள இடமாகப் பார்த்து ஏற்றுங்கள், பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

இடத்தைக் காட்ட கூகிள் வரைபடத்தில் பிளஸ் கோட் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் புள்ளியை அழுத்திப் பிடித்தால் சில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஊர்ப்பெயரும் சேர்ந்து வரும். ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தை அது குறிக்கும், லயத்தில் ஒரு வாசலைக் காட்ட அது போதும். அதோடு நிறுத்திவிட வேண்டாம். வரைபடம் வான் வண்டியைத் தோட்டப் பாதைக்குள் இழுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு வளைவில் விட்டுவிடும். கடைசி இரண்டு கிலோமீட்டரை நீங்களே எழுதுங்கள்: எந்தக் கோயிலைத் தாண்டி, எந்தப் பாலத்தில் திரும்பி, மழை நாளில் வான் எதுவரை வரும், அதற்குமேல் ஓட்டோவா நடையா. நுவரெலியாவுக்கு ரயிலில் வருபவர் இறங்க வேண்டியது நானுஓயாவில் என்பது நமக்குத் தெரியும், வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது.

வட்ஸ்அப் பொத்தானில் எல்லோரும் விடும் பிழை அந்தப் பூச்சியம். 94க்குப் பிறகு 0 இல்லாமல், கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் இலக்கம் இருக்க வேண்டும். 051, 052, 057 என்று தொடங்கும் வீட்டு இலக்கத்தை அழைப்புப் பொத்தானில் போடும்போதும் பூச்சியம் வேண்டாம், ஆனால் அங்கே கூட்டல் குறி வேண்டும்: +94க்குப் பிறகு 51, 52, 57.

படங்கள். போனில் எடுத்த படம் ஒன்று 4000க்கு 3000 புள்ளி, 3 முதல் 5 எம்பி. பதினைந்தை அப்படியே ஏற்றினால் பக்கம் 60 எம்பியைத் தொடும், டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவர் அதற்குள் மூடிவிடுவார். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் அகலத்தை 1600 ஆக்கி, வெப்பி வடிவத்தில் தரம் 75 வைத்துச் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபி அளவுக்கு இறங்கும். மூடுபனிப் படம் இன்னும் குறையும், கொழுந்துச் செடி நிறைந்த படம் கூடும், இலைக்கு இலை விபரம் இருப்பதால். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் முன்பே நசுங்கியிருக்கும், டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இணைப்பைப் பகிரும்போது தெரியும் அட்டைப் படம் 1200க்கு 630, அதை 300 கேபிக்குள் வைத்திருங்கள்.

கொழுந்து பறிக்கும் அக்காமாரின் படத்தைப் போடாத தளம் இங்கே குறைவு. அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், முகத்தை விற்கும் வேலை வேண்டாம். தேயிலை விற்பவர்கள் இலங்கைத் தேயிலையின் சிங்கச் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டவும் கூடாது. அது தேயிலைச் சபையின் உடைமை, அனுமதி பெற வேண்டும்.

எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கு மேல் ஒரு குறியீடு கேட்கும் இரண்டாம் பூட்டு போடுங்கள், ஆனால் எஸ்எம்எஸ் வழி வேண்டாம். சிக்னல் ஒரு கோடாக வந்து போகும் இடத்தில் குறியீடு வந்து சேரும்போது காலம் முடிந்திருக்கும். ஓதென்டிகேட்டர் செயலி 30 விநாடிக்கு ஒரு புதுக் குறியீட்டைப் போனுக்குள்ளேயே உண்டாக்கும், அதற்கு சிக்னலே தேவையில்லை, போனில் மணி சரியாக இருந்தால் போதும். இரண்டாம் பூட்டு போடும்போது அந்தந்தக் கணக்கு தரும் மீட்புக் குறியீடுகளை எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பில் வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்த அன்று அந்தத் தாள்தான் கதவைத் திறக்கும்.

தளம் போட்ட அன்று மாலை வைஃபையை அணைத்து, பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, சிக்னல் குறைந்த பக்கமாகக் கொஞ்சம் நடந்து போய்த் திறந்து பாருங்கள். வட்ஸ்அப் பொத்தானை அழுத்தி உங்கள் இலக்கத்துக்கே செய்தி வருகிறதா, வரைபடம் உங்கள் வாசலில் நிற்கிறதா பக்கத்து டிவிசனில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த புதுப்பிப்புத் திகதியை அடுப்படிக் கலண்டரிலும் ஒருமுறை எழுதி வையுங்கள்.