பகைக்கும் இட ஒதுக்கீடு

நான் நார்த் கரோலினாவின் ராலே நகரில் வேலை பார்த்தபோது, அடுத்த மேசையில் இருந்தவர் அவ்வூரின் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கூடைப்பந்து அட்டவணை அச்சிட்ட காந்த அட்டை ஒன்றை ஆண்டுதோறும் தம் இரும்பு அலமாரியில் ஒட்டுவார். சொந்த அரங்கின் ஆட்டங்கள் அதில் சிவப்பிலும் வெளியூர் ஆட்டங்கள் கறுப்பிலும் இருக்கும். அவர் கண் முதலில் தேடுவது பக்கத்து ஊரின் ட்யூக் பல்கலைக்கழகத்தின் பெயரை. அது ஒரே ஒரு முறை, அதுவும் கறுப்பில் இருந்துவிட்டால், அன்று அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. காரில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரின் அணி நம் அரங்குக்கு வர அடுத்த சீசன் வரை காத்திருப்பதா என்பது அவருடைய மனக்குறை.

அந்தக் குறைக்குக் காரணம் யாருடைய சதியும் அன்று. வெறும் பெருக்கல் கணக்கு. பல்கலைக்கழக அணிகள் தமக்குள் ஆடுவதற்காகச் சேர்ந்த குழுவைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள்; இந்த அணிகள் ஆடும் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) 1953இல் தொடங்கியது. 1991இல் ஃப்ளோரிடா ஸ்டேட் சேர்ந்து 9 அணிகள் ஆனபோதும், ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரோடு இங்கொன்று, அங்கொன்று என ஆடி 16 ஆட்டங்களில் கணக்கு மிச்சமின்றி முடிந்தது. 2004இலும் 2005இலும் மயாமி, வர்ஜீனியா டெக், பாஸ்டன் காலேஜ் மூன்றும் வந்து 12 அணிகள் ஆனதும் 22 ஆட்டங்கள் தேவைப்பட்டன. ஆனால் இருந்தவை 16தான். ஆகவே ஐந்து அணிகளோடு இரண்டு முறை, ஆறு அணிகளோடு ஒரு முறை என்று பிரித்து, அந்த ஐந்தில் இரண்டை மட்டும் ஆண்டுதோறும் மாறாத நிரந்தர இணைகளாக வைத்தார்கள்.

யாருக்கு யார் என்பதில்தான் சங்கடம். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு ட்யூக்கும் என்.சி. ஸ்டேட்டும், ஸ்டேட்டுக்கு நார்த் கரோலினாவும் வேக் ஃபாரஸ்ட்டும் கிடைத்தன. ட்யூக்குக்கோ நார்த் கரோலினாவோடு மேரிலாந்து. ட்யூக், நார்த் கரோலினா, ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் என ஒரே மாநிலத்தின் நான்கு அணிகளுக்குள் ஆறு ஜோடிகள் உண்டு; அவற்றில் மூன்றுக்கு மட்டுமே இரட்டை ஆட்டம் உறுதியாயிற்று. பக்கத்து ஊரை விட்டுவிட்டு ட்யூக்கோடு சேர்த்து வைத்த அந்த மேரிலாந்து, 2014இல் பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி வந்தபோது அண்டை மேசைக்காரர் முகத்தில் தெரிந்தது சோகம் என்று சொல்ல மாட்டேன்.

புள்ளிப் பட்டியலையும் இது கோணலாக்குகிறது. பலமான அணியை இருமுறை சந்தித்தவரும் ஒருமுறை சந்தித்துத் தப்பியவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்; எல்லோரும் எல்லோரோடும் சமமாக ஆடாத பட்டியலில் முதலிடத்தை முழு மனத்தோடு பாராட்ட என்னால் இயலவில்லை. இவ்விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஐவி லீக் என்ற மற்றொரு கான்ஃபரன்ஸ்: இன்றும் 8 அணிகள், 14 ஆட்டங்கள், எவரும் எவரையும் தவிர்க்க வழியில்லை. தொலைக்காட்சிப் பணத்துக்காக ஊர் ஊராகச் சேர்த்துக்கொள்ளும் அவசியம் அவர்களுக்கு நேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏசிசியோ இடையில் வந்த அணிகள் போதாதென்று, கலிஃபோர்னியாவின் கால் (பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), ஸ்டான்ஃபோர்டு, டெக்ஸஸின் எஸ்எம்யூ ஆகியவற்றையும் சேர்த்து 2024இல் 18 அணிகள் ஆகிவிட்டது. 2025ஆம் ஆண்டின் என்சிஏஏ என்ற தேசியப் பட்டப் போட்டித் தொடருக்கு எஸ்இசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸிலிருந்து 14 அணிகள் போக, ஏசிசியிலிருந்து நான்குதான் போயின. வெளிக் கான்ஃபரன்ஸ் அணிகளோடு மோத இடம் வேண்டுமென்று, அடுத்த சீசனுக்குத் தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களை 20இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். நிரந்தர இணை ஒன்றோடும், மாறும் இணை ஒன்றோடும் இரண்டு முறை. 14 அணிகளோடு ஒரு முறை. மீதமுள்ள ஒன்றோடு அந்த சீசனில் ஆட்டமே இல்லை.

ட்யூக்குக்கும் நார்த் கரோலினாவுக்கும் இடையே சுமார் பத்து மைல்தான்; 1920இல் தொடங்கிய அந்தப் பகையின் மீது கைவைக்க எவருக்கும் துணிவில்லை, ஆகவே ஒரே ஒரு நிரந்தர இடம் அவர்களுக்குள் போயிற்று. ஸ்டேட்டுக்கு வாய்த்தது வேக் ஃபாரஸ்ட். முன்பு ட்யூக்குக்காக ஏங்கிய என் நண்பருக்கு இனி நார்த் கரோலினாவும் ஆண்டுதோறும் இரண்டு முறை வரும் என்ற உறுதியில்லை. அட்டவணை வெளியானதும் அவருக்குச் செய்தி அனுப்பினேன். அலமாரியைப் படமெடுத்து அனுப்பினார், அதில் இன்னும் பழைய ஆண்டின் அட்டையே ஒட்டியிருந்தது.