செத்தவீட்டில் கைக்கு ஒரு வேலை

"எல்லாம் விதி, அழாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால் செத்தவீட்டில் ஒருவருக்கும் ஆறுதல் வந்ததில்லை. சைவ சித்தாந்தம் சொல்வது சரிதான். உயிர் அழியாது, இந்த உடம்புக்கென்று வந்த பிராரத்தம், அதாவது முன்வினைப் பங்கு, தீர்ந்தால் உடம்பு விழும். ஆனால் பிரேதம் கிடக்கிற வீட்டில் அதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. யாழ்ப்பாணத்துச் சைவர்களான எங்களுடைய கிரியைகள் அதைச் சொல்லாமல் செய்விக்கின்றன. முதலில் கைக்கு வேலை கொடுக்கின்றன, மனம் பிறகு வரட்டும் என்று விட்டுவிடுகின்றன.

பிரேதத்துக்குப் பக்கத்தில் உரலில் சுண்ணம் என்ற பொடி இடிப்பதையே எடுங்கள். அப்போது பாடுவது மாணிக்கவாசகர் தில்லையில் பாடிய திருப்பொற்சுண்ணம், 20 பாட்டு. இறைவன் நீராடுவதற்காகப் பெண்கள் கூடி வாசனைப்பொடி இடிக்கிற கொண்டாட்டம் அது. சாவைப் பற்றிய பாட்டே இல்லை. அதைக் கொண்டுவந்து பிரேதத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்கள் பெரிய விசயம் தெரிந்தவர்கள்: சிவனுக்கு இடித்த அதே சுண்ணம் இப்போது அம்மாவுக்கு, அப்பாவுக்கு. ஒவ்வொரு பாட்டும் "இடித்தும் நாமே" என்று முடியும். 'இடித்தும்' என்பது 'இடிப்போம்' என்பதன் பழைய வடிவம். அந்த "நாமே" வருகிற இடத்தில் உலக்கை விழவேண்டும்.

பிழை வருவதும் இந்த இடத்தில்தான். பாடுகிறவர் 20 பாட்டையும் ஒரே மூச்சில் ஓட்டுவார், வீடியோக்காரர் "ஒருக்கா இஞ்ச பாருங்கோ" என்பார், கொள்ளி வைக்கிற பிள்ளை உலக்கையை இரண்டு தரம் தொட்டுவிட்டு விலகிவிடும். நேரமில்லையென்றால் ஐந்து பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாடினாலே போதும். ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிட்டால் "நாமே" என்று சொல்ல அங்கே ஆளில்லை. இன்னொரு சின்ன விசயம்: காய்ந்த கட்டை மஞ்சளை முழுதாக உரலில் போட்டால் இடிபடாது, துள்ளி வெளியே விழும். முதலே தட்டி உடைத்து, அறுகம்புல்லோடு சேர்த்து வையுங்கள்.

பேரப்பிள்ளைகள் பிடிக்கிற நெய்ப்பந்தத்துக்குப் பருத்தித் துணிதான் சுற்றவேண்டும். நைலோன் கலந்த துணி உருகிச் சொட்டும். நெய்யில் தோய்த்ததைப் பிழிந்துவிட்டுக் கொடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கை அது.

பிரேதம் வாசற் படலையைத் தாண்டியதும் ஆண்களுக்குச் சுடலை வரை வேலை இருக்கிறது. வழமைப்படி பெண்கள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். வீடு கழுவுவதும், பிரேதம் கிடந்த இடத்தில் விளக்கேற்றித் தண்ணீர்ச் செம்பு வைப்பதும் அவர்கள் கையில். இப்போது கழுவுவதற்கும் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். பந்தல், கதிரை, சாப்பாடு எல்லாவற்றையும் வெளியே கொடுங்கள், பரவாயில்லை. விளக்கை மட்டும் மனைவியோ மகளோ ஏற்றட்டும். அந்த வீட்டில் அவர்களுக்கென்று மிஞ்சியிருக்கிற வேலை அது.

காடாத்துக்கு, அதாவது சுடலையில் எலும்பும் சாம்பலும் எடுக்க, போகிறவர்கள் அவசரப்படக்கூடாது. மேலே ஆறின சாம்பலுக்குள் தணல் இருக்கும். முதலில் தண்ணீர் தெளித்து, பிறகுதான் பாலும் இளநீரும். சூடு ஆறமுன் எலும்பை அள்ளிப் போட்டால் புது மண்முட்டி வெடிக்கும்.

சாவுத் தீட்டான துடக்குக் காலத்தில் கோயில் இல்லை என்பது பலருக்குப் பெரிய அடி. மனம் கோயிலைத் தேடுகிற மாதத்தில் கோயிலுக்குப் போகமுடியாது. இதனால் சாமியறையையே பூட்டிவிட்டு வெறுமனே இருக்கிறவர்கள் உண்டு. அப்படி இருக்கத் தேவையில்லை. விளக்கடியில் சிவபுராணம் படிப்பது எங்கள் வீடுகளில் வழமையாக நடப்பதுதான். 95 அடி, ஆறுதலாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. பொழுதுபடுகிற நேரம்தான் துக்கம் கூடுகிற நேரம், அப்போது படியுங்கள். தனியாகப் படிக்கத் தொண்டை அடைத்தால் இரண்டு பேர் அடி மாற்றிப் படிக்கலாம். "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்" என்கிற நினைப்பும் இந்த நாட்களில்தான் வந்து குந்தும். பிராரத்தம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பயன். ஆனால் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவேண்டும், வந்தவர் சொன்னால் கோபம்தான் வரும்.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவில் இறந்தவருக்கு என்ன விருப்பமோ அதைச் சமைத்துப் படைக்கிறோம். மச்சமும் (மீன், இறைச்சி) உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதைச் சைவக்குருக்களிடம் முதல்நாளே கேட்டு எழுதி வையுங்கள். கனடாவில் இருக்கிறவர் ரிக்கற் போட்ட பிறகு ஒருநாள் முன்பின் என்றால் வீட்டில் சண்டை. கீரிமலையில் கடலில் சாம்பலைக் கரைத்து முழுகிவிட்டு, பக்கத்திலேயே இருக்கிற நன்னீர்க் கேணியில் குளிக்கிறோம். உப்புக்கும் நன்னீருக்கும் இடையில் சில அடிதான்.

நினைவுப் புத்தகமான கல்வெட்டில் எல்லாரும் படத்தையும் தேவாரத்தையும் பார்ப்பார்கள். முக்கியமானது திதி நிர்ணய வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலடிக்குள் அடங்கியிருக்கும். இனி ஆண்டாண்டுத் திவசம் அதை வைத்துத்தான். அதிலே பிழை வந்தால் பரம்பரைக்கும் பிழை. திதி 24 மணித்தியாலக் கணக்கில்லை, 19 முதல் 26 மணித்தியாலம் வரை கூடிக்குறையும். அதனால் உயிர் பிரிந்த நேரம் வேண்டும், நாள் மட்டும் போதாது. வெளிநாட்டில் இறந்தால் அந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டு எங்கள் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ரொறன்ரோவில் கோடைகாலத்தில் இரவு 10 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 7.30. வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டும் சிலவேளை வேறு திதி காட்டும்.

32ஆம் நாள்தான் உண்மையில் கடினம். கதிரை திரும்பிப் போய்விடும், வந்த பிள்ளைகள் விமானம் ஏறிவிடுவார்கள். மாதாமாதம் அந்தத் திதியில் வரவேண்டிய மாசியக் கிரியைகளையும் வசதிக்காக அந்தியேட்டியோடு சேர்த்து முடித்திருப்பார்கள். சடங்காக முடிந்திருக்கலாம், ஆனால் ஒரு வருடம் மாதத்துக்கு ஒருமுறை ஊன்றி நடக்கக் கிடைத்த தடியும் போய்விடுகிறது. குருக்கள் வரவேண்டாம். மாதாமாதம் அந்தத் திதியில் ஒரு கறி கூடுதலாகச் சமைத்து, படத்துக்கு முன் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிறகு தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம், அல்லது தாயாருக்குச் சித்திரா பௌர்ணமி. தாய் உயிரோடு இருக்கிற வரை சித்திரா பௌர்ணமி விரதம் இல்லை, தகப்பன் இருக்கிறவரை ஆடி அமாவாசை இல்லை. முதல்முறை பிடிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்து வீட்டு மாமியிடம்தான் கேட்கவேண்டும். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வேண்டும். நல்ல கசப்பு, முள்ளுக்கொடியில் காய்ப்பது. முதல்நாளே வாங்கிவிடுங்கள். அன்று காலை சந்தைக்குப் போய்த் தேடினால் கிடைக்கும் என்று நம்பமுடியாது.