சிந்த்வின் ஆற்றங்கரைவரை வந்த யுத்த தாங்கிகள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு போட்ட நாள் என்று இங்கே பலருக்கும் தெரியும். அதே கிழமை, வங்காள விரிகுடாவுக்கு அப்பால், பர்மாவின் ப்ரோம் நகரை விட்டு வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது பிரித்தானியரின் 7ஆவது கவசப் பிரிகேட். பர்மாவில் அது நின்றது மூன்று மாதம்கூட இல்லை.

பெப்ரவரி 21இல் ரங்கூனில் இறங்கியது. 7ஆவது ஹுசார், 2ஆவது ரோயல் டாங்க் ரெஜிமென்ட் என இரண்டு படை. ஸ்டூவர்ட் என்ற இலகு ரகத் தாங்கிகள் ஏறக்குறைய 115. இரண்டே நாளில் சித்தாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டு, பிரித்தானியர் பக்கக் காலாட்படையில் பெரும்பகுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

ஸ்டூவர்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 12 தொன்னுக்குச் சற்று மேல், நாலு பேர், 37 மில்லிமீற்றர் பீரங்கி. எஞ்சின் விமானத்துக்காகச் செய்யப்பட்டது: வட்டமாக அடுக்கிய ஏழு சிலிண்டர். வண்டி ஓடாமல் நிற்கும்போது ஒயில் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டனால் அந்த ஒயிலை அமுக்க முடியாது, கம்பி வளைந்துவிடும். அதனால் முதலில் கையால் பல சுற்றுச் சுற்றி ஒயிலை வெளியேற்ற வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் நம்பி ஓட்டலாம். றப்பர் பதித்த சங்கிலிப்பட்டையும் நெடுந்தூரம் தாங்கியது. பெற்றோல் மட்டும் தண்ணீராய்க் குடிக்கும். ஒரு நிரப்பலுக்குச் சுமார் 110 கிலோமீற்றர்தான்.

உண்மையான குறை குண்டில் இருந்தது. கையில் இருந்தவை கவசம் துளைக்கும் திடக் குண்டுகள், வெடிக்காது. மரக்கட்டை அரணுக்குப் பின்னால் இருக்கும் காலாட்படையை அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஜப்பானியரோ காட்டுக்குள்ளால் சுற்றிவந்து, றோட்டை மறித்து மரங்களைப் போட்டு, பக்கத்தில் பீரங்கியும் வைத்தார்கள். மார்ச் 7இல், ரங்கூனை விட்டு வெளியேறும் வழியில், தௌக்யானில் தாங்கிகள் மோதியும் மறிப்பு உடையவில்லை. ரங்கூனுக்குள் நுழைவதிலேயே கண்ணாயிருந்த ஜப்பானியர் தாங்களாகவே விலகிப் போனதால்தான் மறுநாள் வழி கிடைத்தது. மாதக் கடைசியில் ப்ரோமுக்குத் தெற்கே ஷ்வெடாங்கில் பத்துத் தாங்கிகள் போயின. தாங்கி உடைத்துப் போனாலும், பின்னால் வரும் லொறிகள் நெருப்புப் பிடித்தால் றோட்டு திரும்பவும் அடைபட்டுவிடும்.

ஆகவே இந்தப் பிரிகேட்டை மறிப்பு உடைத்த கணக்கில் அளப்பது பிழை. அதன் பெறுமதி பின்காவலில். கடைசியாய் நின்று சுட்டு, காயப்பட்டவர்களையும் களைத்தவர்களையும் மேலே ஏற்றிக்கொண்டு, பகல் முழுக்க ஜப்பானியரைத் தள்ளி வைத்தது. தலைமையகங்கள் ஒன்றோடொன்று பேசியதும் பல நேரம் தாங்கிகளின் வானொலியில்தான்.

மே 10, ஷ்வெஜின். சிந்த்வின் ஆற்றைக் கடக்க இருந்தவை ஒருசில நீராவிப் படகுகளே. படை ஏறியது, தாங்கிகளுக்கு இடமில்லை. அவை ஜப்பானியருக்கு உதவாமல் போக, ஒயிலை வடித்துவிட்டு, இறுகி நிற்கும்வரை எஞ்சின்களை ஓடவிட்டார்கள். அக்கரை சேர்ந்தது ஒன்றே ஒன்று. பின்னாளில் பீரங்கி இருந்த சுடுகூண்டைக் கழற்றி அதைக் கட்டளை வண்டியாக்கினார்கள். 1945இல் இந்தியப் படையோடு அது மறுபடி பர்மாவுக்குள் போனது.